வெள்ளைப் புள்ளி: ஆல்ஃபிரட் டன்ஹில் வாழ்க்கை

டன்ஹில் என்னும் பெயரைத் தமிழருள் பலர், அயல்நாட்டிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் கொணர்ந்த சிகரெட்டுப் பெட்டியின் மீதே முதன்முதலில் படித்திருப்பர். அப்பெயருக்கு உரியவரோ சிகரெட்டால் புகழ் அடைந்தவர் அல்லர். அச்சிகரெட்டு உலகெங்கும் பரவியது பெரும்பாலும் அவர் மறைந்த பின்னர்தான். பேச்சு வழக்கில் பைப் என்றும் பழைய தமிழில் சுங்கான் என்றும் சொல்லப்படும் மரப் புகைக்குழாயை ஓர் உயர்ந்த கைவினைப் பொருளாக ஆக்கிக் காட்டியவர் ஆல்ஃபிரட் டன்ஹில். உலகின் பல பகுதிகளிலிருந்தும் சுங்கான்களைத் தேடித் திரட்டி, அவற்றின் வரலாற்றை நூலாக எழுதி வைத்தவரும் அவரே. இன்று அவருடைய பட்டறையில் உருவான சுங்கான்களைத் தேடித் திரட்டுவோர் பல நாடுகளில் இருக்கின்றனர். சேகரிப்பாளராக இருந்தவர், பிறர் சேகரிக்கும் பொருளுக்குத் தாமே காரணராகவும் ஆனார். அந்த வாழ்க்கை குதிரைச் சேணம் தைக்கும் கடையொன்றில் தொடங்கியது.

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், இலண்டனின் வடபுறத்து ஹார்ன்சி என்னும் பகுதியில் ஆல்ஃபிரட் பிறந்தார். தந்தையார் ஹென்றி டன்ஹில், யூஸ்டன் சாலையில் சேணம், கடிவாளம், வார் முதலியன செய்து விற்கும் தொழில் நடத்தினார். பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்ட ஆல்ஃபிரட், தந்தையின் கடையிலேயே தொழில் பழகச் சேர்ந்தார். தோலை அறுப்பதும் மெழுகிட்ட நூலால் தைப்பதும் பித்தளைக் கொளுவிகளைப் பொருத்துவதும் அவருக்குக் கைவந்தன. அவருடைய தம்பி தாமஸ் இசையை நாடிச் சென்று இங்கிலாந்தின் குறிப்பிடத்தக்க இசையமைப்பாளர்களுள் ஒருவரானார். ஆல்ஃபிரடுக்குக் கிடைத்தது தோலும் ஊசியும். 1893இல் தொழிலின் பொறுப்பு அவர் தோளில் ஏறியது.

ஏறிய நேரம் நல்ல நேரமென்று சொல்வதற்கில்லை. 1896ஆம் ஆண்டில் பிரிட்டனில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, மணிக்கு நான்கு மைலுக்கு மேல் ஓடக்கூடாது என்று கட்டுண்டு கிடந்த இயந்திர வண்டிகளைப் பதினான்கு மைல் வரை ஓட அனுமதித்தது. குதிரை இல்லாமல் வண்டி ஓடுமாயின் சேணத்துக்கு வேலை ஏது? இலண்டனின் சேணக் கடைக்காரர்களுள் பலர் மோட்டார் வண்டியைச் சில நாள் வேடிக்கை என்று கருதி இருந்துவிட்டனர். ஆல்ஃபிரட் அவ்வாறு இருக்கவில்லை. குதிரைக்குப் பூட்டிய தோலை வண்டியோட்டியின் மேல் போர்த்தினார் என்று சுருக்கமாகச் சொல்லலாம். அக்கால மோட்டார் வண்டிகளுக்குக் கூரை கிடையாது. காற்று, தூசு, மழை மூன்றும் முகத்தில் வந்து அறையும். தோல் மேலங்கி, கண்காப்புக் கண்ணாடி, கையுறை, ஊதுகுழல், விளக்கு, கடிகாரம், வழியில் உண்பதற்கான உணவுப் பெட்டி என்று, எஞ்சினைத் தவிர வண்டிக்கு வேண்டிய அனைத்தும் தம்மிடம் உண்டென விளம்பரம் செய்தார். விரைந்து ஓட்டுவோரைப் பிடிக்க மறைந்து நிற்கும் காவலரைத் தொலைவிலேயே கண்டுகொள்ள உதவும் இரட்டைக் கண்ணாடி ஒன்றும் அவர் விற்ற பொருள்களுள் இருந்தது. சட்டத்துக்கு உதவும் பொருள் அன்று அது. ஆயினும் வாங்குபவரின் சிறு சிறு அவதியையும் கூர்ந்து நோக்கும் ஒரு மனத்தை அதில் காணலாம். அவர் வாழ்க்கை முழுவதையும் நடத்திச் சென்றது அந்த நோக்கே.

அந்த நோக்குத்தான் அவரைப் புகையிலைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. திறந்த வண்டியை ஓட்டிக்கொண்டே சுங்கான் பிடிப்பது பெரும் தொல்லை. எதிர்க்காற்று புகையிலையை விரைவாக எரித்துவிடும். தீப்பொறி பறந்து மேலங்கியைப் பொசுக்கும். சுங்கானின் கிண்ணத்து விளிம்பை முன்புறம் மட்டும் உயர்த்தி, ஒரு சிறு தட்டி போல் ஆக்கினார் ஆல்ஃபிரட். 1904இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பார்ப்பதற்கு அழகற்ற பொருள். பின்னாளில் அவர் பெயர் தாங்கி வந்த சுங்கான்களோடு ஒப்பிட்டால் முரட்டுத்தனமானதென்றே சொல்ல வேண்டும். ஆனால் அது நன்கு விற்றது.

1907இல் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தின் டியூக் தெருவில் புகையிலைக் கடை திறந்தார். செல்வரும் படை அதிகாரிகளும் கூடும் மன்றங்கள் சூழ்ந்த இடம் அது. அங்கே அவர் செய்த புதுமை எளியது. எல்லோருக்கும் ஒரே கலவையை விற்காமல், வருபவரிடம் அவர் சுவையைக் கேட்டறிந்து, அதற்கேற்பப் பல நாட்டுப் புகையிலைகளைக் கலந்து தந்தார். கலவையின் விவரம் ஒரு பேரேட்டில் எண்ணிட்டுப் பதியப்படும். அடுத்த முறை அந்த எண்ணைச் சொன்னாலே போதும். கடல் கடந்து வாழ்பவராயினும் கடிதம் எழுதி அதே கலவையைப் பெறலாம். தையற்காரரிடம் நம் அளவு இருப்பது போல அவரிடம் அவரவர் சுவை இருந்தது.

புகையிலை இவ்வாறு செம்மைப்பட்டபின் சுங்கானின் குறை அவர் கண்ணை உறுத்தத் தொடங்கியது. இதைப் புரிந்துகொள்ள அந்த மரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பிரையர் என்று ஆங்கிலத்தில் வழங்கும் அச்சொல், வேலியில் படரும் முட்செடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியால் ஒத்திருப்பினும், பொருளால் வேறு. புதர்ச்செடி ஒன்றின் பிரெஞ்சுப் பெயரான புருயேர் என்பதே மருவி அவ்வாறாயிற்று. நடுநிலக் கடலைச் சூழ்ந்த வறண்ட மலைச்சரிவுகளில், கோர்சிகாவிலும் கலாபிரியாவிலும் அல்ஜீரியாவிலும், அச்செடி வளர்கிறது. தண்டுக்கும் வேருக்கும் இடையில், மண்ணுக்குள், பல பத்தாண்டுகளில் ஒரு முண்டு திரள்கிறது. சுங்கானுக்கு உதவுவது அந்த முண்டு மட்டுமே. நீரும் ஊட்டமும் அரிதான கல்நிலத்தில் மெல்ல வளர்வதால் அதன் நார் நெருங்கி இறுகியிருக்கும்; மணற்சத்து ஏறியிருப்பதால் எளிதில் தீப்பற்றாது. கிண்ணத்துக்குள் நெருப்பு கனன்றுகொண்டிருக்க, வெளியே விரல்கள் சுடாமல் பிடித்திருக்க முடிவது இதனால்தான். தோண்டியெடுத்த முண்டுகளை வெயில் படாமல் ஈரத்தோடு காத்து, கட்டைகளாக அறுத்து, செப்புக் கொப்பரையில் பல மணிநேரம் கொதிக்க வைப்பர். மரத்தின் பால் இறங்கியபின் மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவர். இவ்வளவும் செய்த பின்னும் கட்டைக்குள் என்ன இருக்கிறதென்று எவராலும் சொல்ல முடியாது. வளரும்போது உள்ளே சிக்கிய மணலோ சிறு குழியோ, கடைசல் பொறியில் வைத்துப் பாதி கடைந்தபின்தான் வெளிப்படும். பத்துக் கட்டைகளில் குறையற்றதாகத் தேறுவது மிகச் சிலவே.

பிரான்சின் ஜூரா மலைப் பகுதியில் உள்ள செயின்ட் குளோத் என்னும் ஊர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. பெரும் எண்ணிக்கையில் அங்கே சுங்கான்கள் உருவாயின. விலை மலிவு. குழி விழுந்த இடங்களில், நம் தச்சர்கள் மக்கு வைத்து அடைப்பது போல அடைத்து, மேலே அடர்ந்த வண்ணம் பூசி விற்றனர். அடைத்த இடம் சூட்டில் விட்டுப்போகும். பூச்சு மரத்தின் துளைகளை மூடிவிடுவதால் ஈரம் வெளியேற வழியின்றிப் புகை கசக்கும். ஆல்ஃபிரட் தொடக்கத்தில் இலண்டனில் சாரட்டன் என்ற புகழ்பெற்ற பட்டறையின் சுங்கான்களை வாங்கி விற்றார். அதுவும் போதாதென்று தோன்றவே, 1910இல் டியூக் தெருவிலேயே சிறிய அளவில் சில கைவினைஞர்களைக் கொண்டு தம் பட்டறையைத் தொடங்கினார்.

அப்பட்டறையில் அவர் விதித்த நெறிகள் கடுமையானவை. மக்கு வைத்து அடைத்த சுங்கான் அவர் பெயரில் வெளியேறக் கூடாது. குறை தெரிந்தால் அது கழிவுக்குப் போக வேண்டும். கடைந்த கிண்ணத்தை எண்ணெயில் ஊறவைத்து, பின் சூடான முளைகளில் நாள்கணக்கில் கவிழ்த்து வைத்தனர். எண்ணெய் கசிந்து வெளிவரும்போது மரத்தில் எஞ்சிய பாலையும் இழுத்துக்கொண்டு வரும். அதைத் துடைத்தெடுப்பதும் மீண்டும் சூடேற்றுவதுமாக வேலை தொடரும். இவ்வளவு காலம் ஒரு பொருளின் மேல் செலவானால் விலையும் ஏறத்தானே செய்யும்! மற்றவர் விலையைவிடப் பன்மடங்கு மிகுந்த விலைக்கு விற்ற அந்தச் சுங்கானை மக்கள் வாங்கினர். ஏனெனில் அவர் உறுதிமொழியும் உடன் தந்தார். வாங்கிய பன்னிரண்டு மாதங்களுக்குள் கிண்ணம் எரிந்தோ வெடித்தோ போனால் வேறொன்று தரப்படும்.

வெள்ளைப் புள்ளியின் கதையும் இக்காலத்தது. சுங்கானின் வாய்முனை கந்தகமேற்றிக் கெட்டியாக்கிய கருநிற ரப்பரால் ஆனது. நேரான வாய்முனையைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தும்போது மேற்புறம் எது, கீழ்ப்புறம் எது என்று தெரியாமல் வாங்கியவர்கள் தடுமாறினர். மேற்புறம் இதுவெனக் காட்ட, முதல் உலகப் போருக்கு முன்பே, ஒரு சிறு வெள்ளைப் புள்ளியைப் பதிக்கச் செய்தார் ஆல்ஃபிரட். அவ்வளவுதான் அதன் நோக்கம். சில ஆண்டுகளில் அந்தப் புள்ளியே மன்றங்களிலும் தெருக்களிலும் செல்வத்தின் அடையாளமாகிவிட்டது. தொலைவில் வரும் ஒருவரின் வாயில் வெண்புள்ளி தெரிந்தால் போதும், அவர் எத்தகையவர் என்று மதிப்பிட்டுவிடும் காலம் வந்தது.

போர் மூண்டபோது அகழிகளில் கிடந்த அதிகாரிகள் அஞ்சல் வழியே புகையிலையும் சுங்கானும் கேட்டு எழுதினர். டியூக் தெருவிலிருந்து தகர டப்பாக்கள் போர்முனைக்குச் சென்றன. அப்போரின் நடுவே, 1917இல், மற்றொரு காப்புரிமைக்கு அவர் விண்ணப்பித்தார். அல்ஜீரியாவிலிருந்து வந்த கட்டை மென்மையானது. வழவழப்பாக மெருகேற்றினால் சிறப்பாகத் தோன்றாது. கொதிகலன் அருகே மறந்து வைக்கப்பட்ட ஒரு சுங்கான் சூட்டில் சுருங்கி, மர ரேகைகள் வரப்புகளாகப் புடைத்து நிற்கக் கண்டார் என்றொரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், காற்றழுத்தத்தால் மணலை வீசி மென்மையான பகுதிகளை அரித்தெடுத்து, கடினமான ரேகைகளை மட்டும் நிற்கவிடும் முறையை அவர் பட்டறை கையாண்டது. கிளிஞ்சலின் புறத்தைப் போன்ற அந்தச் சொரசொரப்புக்கு ஷெல் என்று பெயரிட்டார். பார்வைக்கு எளிய மரம் தொடுவதற்கு இனிய பொருளாயிற்று. இன்று சுங்கான் செய்யும் பட்டறைகள் பலவற்றிலும் மணல் வீச்சு வழக்கத்தில் உள்ளது.

1921இல் வேல்ஸ் இளவரசருக்குப் புகையிலை வணிகர் என்னும் அரச மதிப்பு கிடைத்தது. அவ்வாண்டில் நியூயார்க்கிலும் 1924இல் பாரிசிலும் கடைகள் எழுந்தன. ஒரு கையாலேயே பற்றவைக்கக்கூடிய லைட்டர் வந்தது. இவையெல்லாம் வணிக வரலாறு; விரைந்து கடந்து செல்லலாம். நின்று பார்க்க வேண்டியது 1924இல் வெளியான அவருடைய சுங்கான் நூலை.

பதினைந்து வயதில் பள்ளியை விட்ட கடைக்காரர் ஒருவர் எழுதிய நூல் என்று அதைப் படிப்பவர் நம்புவது கடினம். தம் கடையின் பொருளைப் புகழும் நூலாக அது அமையவில்லை. வட அமெரிக்கத் தொல்குடியினரின் மேட்டுக் கல்லறைகளிலிருந்து தோண்டியெடுத்த, பறவையும் விலங்குமாகச் செதுக்கிய கற்சுங்கான்களை அவர் விரிவாக ஆராய்ந்தார். ஆப்பிரிக்கச் சுரைக்குடுவைச் சுங்கான், ஒரு சிட்டிகைப் புகையிலையே கொள்ளும் சப்பானியரின் சின்னஞ்சிறு உலோகக் கிண்ணம், ஆங்கிலேயரின் வெண்களிமண் சுங்கான் என்று உலகத்தையே சுற்றி வந்தார். நிலத்தில் குழியும் வழியும் அமைத்து மண்ணையே சுங்கானாக்கிக் குனிந்து புகை இழுப்பாரையும் விட்டுவிடவில்லை. இந்தியரின் உக்காவுக்கும் அதில் இடமுண்டு. தேங்காய் ஓட்டில் நீர் நிரப்பிப் புகையைக் குளிர்விக்கும் அக்கருவிக்குப் பாரசீகம் முதலிய நாடுகளில் வழங்கும் நார்கிலே என்னும் பெயரே, தேங்காயைக் குறிக்கும் நாரிகேளம் என்ற வடசொல்லின் உறவுதான். பயணிகளிடமிருந்தும் வணிகர்களிடமிருந்தும் பல்லாண்டுகள் தேடிச் சேர்த்த பொருள்கள் அந்நூலின் ஓவியங்களுக்கு உயிர் தந்தன.

அவர் அந்நூலில் போற்றிய பொருள்களில் ஏறத்தாழ எதற்கும் செய்தவர் பெயர் கிடையாது. எந்தக் காட்டில் எவர் செதுக்கினார், எவர் சுட்டார் என்பது மறைந்து, பொருள் மட்டும் எஞ்சியிருக்கிறது. பெயரற்ற கைகளின் திறனை இவ்வளவு மதித்த அவருடைய சொந்தப் பட்டறையிலும் கைகளுக்குப் பெயரில்லாமலே போயிற்று. கட்டையைத் தேர்ந்தவர், கடைந்தவர், துளையிட்டவர், மெருகிட்டவர் எவராயினும் பொறிக்கப்பட்டது டன்ஹில் என்ற பெயரே. அக்கால வணிக முறை அது; அவரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. இருப்பினும் ஜோயல் சாசியேனி என்னும் கைவினைஞரைக் குறிப்பிடாமல் விட முடியாது. சாரட்டன் பட்டறையில் தொழில் பழகி, 1910இல் ஆல்ஃபிரடின் பட்டறையில் முதன்மையானவர்களுள் ஒருவராக அமர்ந்தவர் அவர். 1919இல் வெளியேறித் தம் பெயரிலேயே பட்டறை தொடங்கினார். அவருடைய சுங்கான்களில் முதலில் ஒரு புள்ளியும் பின்னர் நான்கு நீலப் புள்ளிகளும் பதிக்கப்பட்டன. செய்தவர் பெயரும் பொருளின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டுமென்ற எண்ணம் பின்னாளில் டென்மார்க்கில் நன்றாகவே வேரூன்றியது. 1910இல் பிறந்து 2001இல் மறைந்த சிக்ஸ்டன் இவார்சன் முதலிய தனிக் கைவினைஞர்கள், ஓவியர் கையொப்பமிடுவது போலத் தம் பெயரைப் பொறித்துத் தந்தனர். சேகரிப்பாளர்கள் அத்தகைய கையொப்பத்துக்கு இன்று பெரும்பொருள் தருகின்றனர்.

புகழின் உச்சியில் இருந்தபோதே ஆல்ஃபிரட் விலகினார். 1928இல் நிறுவனத்தைத் தம் தம்பி ஹெர்பர்ட்டிடமும் மக்களிடமும் ஒப்படைத்து ஓய்வு பெற்றார். தொழிலை மட்டும் அவர் விட்டு நீங்கவில்லை. மனைவி ஆலிசையும் பிரிந்து, வேறொரு பெண்மணியோடு வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். வாங்குபவரின் சிறு அவதியையும் கண்ட அந்தக் கண்கள் வீட்டிலிருந்தோரின் வருத்தத்தைக் கண்டனவா என்று கேட்கத் தோன்றும். மகன் ஆல்ஃபிரட் ஹென்றியும் மகள் மேரியும் தொழிலில் ஊன்றி நின்றனர். 1941 ஏப்ரலில் செருமானியர் குண்டு வீச்சில் டியூக் தெருக் கடை தரைமட்டமானபோது, இடிபாடுகளுக்கு முன் தெருவிலேயே மேசையிட்டு வணிகத்தை நடத்தியவர் அந்த மகன்தான். 1961இல் மேரி நிறுவனத்தின் தலைவரானார்.

பட்டறையில் ஆல்ஃபிரட் விட்டுச்சென்ற வழக்கங்கள் வேறு உயிர் பெற்றன. பன்னிரண்டு மாத உறுதிமொழிக்காக, எந்த ஆண்டில் செய்தது என்று கடைக்காரர் அறியும்பொருட்டு, 1920களின் தொடக்கத்திலிருந்து சுங்கானின் தண்டில் ஆண்டைக் குறிக்கும் ஒரு சிற்றெண்ணைப் பொறித்து வந்தனர். உறுதிமொழிக் காலம் என்றோ முடிந்துபோன அந்தச் சுங்கான்களை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, அந்த எண்ணைக்கொண்டு ஆண்டைக் கணிக்கின்றனர் சேகரிப்பாளர்கள். காப்புரிமை எண்களையும் எழுத்துருக்களையும் ஒப்பிட்டு அட்டவணைகள் வகுத்துள்ளனர். போர்க்காலத்து ஷெல் ஒன்று பழைய பொருள் கடையின் மூலையில் அகப்பட்டால் அவர்களுக்குப் புதையல்தான். அவர்களுள் புகைக்காமலே சேகரிப்போரும் உண்டு. அவர்களை நகைப்பதற்கில்லை.

புகையிலை தரும் கேட்டை இன்று உலகம் அறியும். அதனை அறிந்த பின் இவ்வாழ்க்கையை வியப்போடு மட்டும் எழுதிவிட முடியாது. இலண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளை விசாரித்து, புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்னும் இரு அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த நாள் 1950 செப்டம்பர் 30. ஆல்ஃபிரட் டன்ஹிலின் எழுபத்தெட்டாம் பிறந்தநாள் அது. சிகரெட்டைவிடச் சுங்கானால் நேரும் நுரையீரல் தீங்கு குறைவென்று அந்த ஆய்வில் தெரிந்தது. ஆனால் உதடு, வாய், தொண்டை ஆகியவற்றின் புற்றுக்குச் சுங்கானும் காரணம் என்பது பின்னர் ஐயமற நிறுவப்பட்டது. கசப்பில்லாத புகைக்காகக் கட்டைகளை நாள்கணக்கில் எண்ணெயில் பதப்படுத்தியவர், அந்தப் புகைக்குள் இருந்ததை அறிய வழியில்லாத தலைமுறையைச் சேர்ந்தவர்.

அவர் அப்போது இங்கிலாந்தின் தென்கடற்கரை நகரமான வொர்திங்கில் ஓய்வு வாழ்க்கை நடத்திவந்தார். கடையையும் பட்டறையையும் விட்டு நீங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. 1959 சனவரி 2ஆம் நாள், எண்பத்தாறாம் வயதில், அவ்வூரிலேயே காலமானார். இலண்டன் பட்டறையில் அவ்வாண்டுக்குரிய சிற்றெண் பொறித்த முதற் சுங்கான்கள் அப்போதுதான் கடைசல் பொறிக்கு ஏறிக்கொண்டிருந்தன.